மோட்டார் காயில் போகவில்லை, காற்றுதான் புகுந்திருக்கிறது
நாட்டுக்கே பம்பு செய்து அனுப்பும் கோயம்புத்தூரில், வீட்டு நீச்சல்குளத்து மோட்டார் தண்ணீர் இழுக்கவில்லை என்றால், பார்க்க வருகிறவர்கள் மூடியைக்கூடத் திறக்காமல் "காயில் போயிடுச்சுங்க, ரீவைண்டிங் பண்ணோணுங்க" என்கிறார்களே, ஏன்? காயில், அதாவது உள்ளே சுற்றியிருக்கும் கம்பிச் சுருள், புதிதாகச் சுற்றவேண்டிய அளவுக்கு எரிந்திருந்தால் மோட்டார் எப்படி இவ்வளவு சீராக ஓடும்? பம்புக்குள் குப்பை போகாமல் தடுக்கும் வடிகூடையின் கண்ணாடி மூடிக்குள் குமிழிகள் உலைநீர் போலக் கொதித்துச் சுழல்கின்றன. உறிஞ்சும் பக்கம் காற்று புகுகிறது என்பதற்கு வேறென்ன அடையாளம் வேண்டும்? மூடியின் ரப்பர் வளையம் வெயிலில் காய்ந்து வெடித்திருக்கிறதா, கூடையில் வேப்பிலை அடைத்திருக்கிறதா, நீர்மட்டம் ஸ்கிம்மர் வாய்க்கு (குளத்துச் சுவரில் மேல்நீரை இழுக்கும் திறப்புக்கு) கீழே இறங்கிவிட்டதா என்று பார்க்க எத்தனை நேரம் ஆகும்? சின்ன வளையம் ஒன்றுக்காக மோட்டாரையே கழற்றிக் கொண்டுபோய், குளத்து நீர் பாசி பிடித்துப் பச்சையாகும்வரை இழுத்தடித்துவிட்டு, அதற்கும் கூலி கேட்கும்போது வயிறு எரிகிறது.