பெக்கன்பவருக்கு முன்பே ஒருவர் இருக்கிறார்

வீரராகவும் பயிற்சியாளராகவும் கால்பந்து உலகக் கோப்பை வென்ற முதல் ஆள் ஜெர்மனியின் ஃபிரான்ஸ் பெக்கன்பவர் என்று சிலர் சொல்கிறார்கள். சின்னத் திருத்தம்: அந்த முதல் ஆள் பிரேசிலின் மரியோ சகாலோ. 1958, 1962 இரண்டிலும் வீரராக வென்றவர், 1970-இல் பயிற்சியாளராக வென்றார்.

பெக்கன்பவர் 1974-இல் மேற்கு ஜெர்மனியின் கேப்டன், 1990-இல் பயிற்சியாளர். தடுப்பாட்டக்காரர்களில் முதலாமவர் என்றால் சரிதான்.

சந்தேகம் இருந்தால் ஃபிஃபா தளத்தில் 1958 இறுதி ஆட்டத்தைத் திறந்து பாருங்கள். ஸ்வீடனை 5-2 என வென்றதில் பிரேசிலின் நான்காவது கோல் சகாலோ அடித்தது. அப்புறம் 1970 இறுதி ஆட்டத்தில் பிரேசில் பயிற்சியாளர் பெயரைப் பாருங்கள்.