செப்டம்பராம், செப்டம்பர்!

"ஆகஸ்டிலா கிரீஸ் போறீங்க? செப்டம்பரில் போங்க. கூட்டம் இருக்காது, கடலும் இதமா இருக்கும், விலையும் பாதி." ஆபீஸ் காபி மெஷின் பக்கத்தில் நின்று இதைச் சொன்னவருக்குப் பிள்ளை குட்டி கிடையாது. இந்த வருஷம் இதே உபதேசத்தைச் சொன்ன ஏழாவது ஆள் அவர். கையில் இருந்த காபியைக் கீழே வைத்துவிட்டுத்தான் பதில் சொன்னேன்.

எனக்கு மட்டும் தெரியாதா? கோடை முழுக்க வெயிலைக் குடித்த மத்தியதரைக் கடல் அவ்வளவு சீக்கிரம் ஆறாது. செப்டம்பரில் வெயில் தணிந்திருக்கும், தண்ணீர் தணிந்திருக்காது. அருமையான மாதம்தான். ஆனால் நாங்கள் இருப்பது டூசல்டோர்ஃபில். மகன் மூன்றாம் வகுப்பு, மகள் ஒன்றாம் வகுப்பு. செப்டம்பரில் இரண்டும் பள்ளிக்கூடத்தில் இருக்கும். காய்ச்சல் என்று லீவு லெட்டர் எழுதிவிட்டுக் கடற்கரைக்குப் போவதெல்லாம் ஜெர்மனியில் நடக்காது, அபராதம் தீட்டிவிடுவார்கள். 2018-இல் பவேரியா மாநிலத்தில், விடுமுறை தொடங்கும் முன்பே கிளம்பிய குடும்பங்களை விமான நிலையத்திலேயே போலீஸ் பிடித்தது. ஒன்றாம் வகுப்புக் குழந்தையைப் பிடிக்கப் போலீஸ்!

ஆக எங்கள் தலையில் எழுதியது ஈஸ்டருக்கு இரண்டு வாரம், கோடையில் ஆறு வாரம், அக்டோபரில் இரண்டு வாரம். மூன்றிலும் பட்டாச்சு.

ஈஸ்டருக்கு ஸ்பெயினின் மயோர்க்கா தீவு. படத்தில் பார்த்தால் சொர்க்கம், தண்ணீர் 16 டிகிரி. முழங்கால் வரை இறங்கிய மகள் "அம்மா, கால் எரியுது" என்று அலறிக்கொண்டு ஓடிவந்தாள். குளிர்தான் அப்படி எரிந்திருக்கிறது. கரையில் ஒருவர் வரப்போகிற சீசனுக்காகக் குடைக் கம்பிகளுக்கு நிதானமாக பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார். எங்களை ஒரு பார்வை பார்த்தார் பாருங்கள்!

அக்டோபருக்கு இத்தாலியில் சிங்குவே தெர்ரே என்கிற கடலோர மலைக் கிராமங்கள். அந்தக் கரையில் மழை சூடுபிடிப்பதே அந்த மாதத்தில்தான். 2011 அக்டோபர் 25-ஆம் தேதி அங்கே இருக்கும் வெர்னாட்சா ஊரையே சேற்றில் புதைத்த மழை அது. எங்கள் ஐந்து நாளில் இரண்டு நாள் எச்சரிக்கை விட்டு, மலைப்பாதையை அடைத்துவிட்டார்கள். அறையில் உட்கார்ந்து சீட்டு விளையாடினோம். சீட்டு விளையாட டூசல்டோர்ஃப் போதாதா?

கடைசியில் இந்த ஆகஸ்டில் கிரீஸின் நாக்சோஸ் தீவு. ஜூன் நடுவில் போனால் 90 யூரோவுக்குக் கிடைத்திருக்கும் டிக்கெட்டை 310 கொடுத்து வாங்கினோம், நான்கு பேருக்கு. அதிலும் ஆகஸ்ட் 15-ஐ ஒட்டி. நம்மூரில் கொடியேற்றி மிட்டாய் கொடுக்கிற அதே நாள்தான் கிரீஸில் மாதா பெருநாள். ஊரே தீவுகளுக்குக் கிளம்புகிறது. ஏதென்ஸை ஒட்டிய பிரேயஸ் துறைமுகத்தில் கால் வைக்க இடமில்லை.

அப்புறம் அந்தக் காற்று. மெல்டெமி என்பார்கள், கோடையில் ஏஜியன் கடலில் வடக்கிலிருந்து நாள்கணக்கில் வீசும். வெயில் தெரியாது என்று ஆளாளுக்குப் புகழ்கிறார்களே, கடற்கரையில் போய் உட்கார்ந்து பார்க்கட்டும். மணல் கெண்டைக்காலில் ஊசியாகக் குத்துகிறது. நாற்காலி இரண்டும் குடையுமாக ஒரு நாளைக்கு 50 யூரோ கொடுத்தோம். "காற்று அதிகம், விரிக்க முடியாது" என்று அந்தக் குடையை மடக்கியே வைத்திருந்தார் கடைக்காரர். பணத்தை மட்டும் மடக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார். காலையில் எழுந்து கிளறி எடுத்துப்போன எலுமிச்சைச் சாதத்தில் வாய்க்கு வாய் நறநற. மகன் ஒரு வாய் மென்றுவிட்டு டப்பாவை மூடி என்னிடமே திருப்பிக் கொடுத்தான்.

திரும்பும் நாளில் காற்று இன்னும் ஏறி, கப்பலை நிறுத்திவிட்டார்கள். பெட்டிகளின் மேல் உட்கார்ந்திருந்தோம். கப்பல் காசு திரும்பி வந்தது. ஏதென்ஸில் எங்களை விட்டுவிட்டுப் பறந்த விமானத்தின் காசு வரவில்லை.

ஒரே ஒரு வருஷம் சாமி கண்ணைத் திறந்தது. எங்கள் மாநிலத்தில் கோடை விடுமுறைத் தேதி வருஷா வருஷம் நகரும், 2023-இல் ஜூன் 22-க்கே விட்டுவிட்டார்கள். ஜூன் கடைசி! கடலும் பதம், கூட்டமும் முற்றாத நேரம். அந்த வருஷம் பார்த்து வீட்டுக்காரருக்கு ப்ராஜெக்ட் கோ-லைவ், லீவே கிடையாது. விமான டிக்கெட் விலையைத் தினமும் பார்த்துப் பெருமூச்சு விட்டதோடு சரி.

நேற்று சாயங்காலம் அந்தக் காபி மெஷின் ஆசாமி ஒரு படம் அனுப்பியிருந்தார். நாக்சோஸ்தான், பிளாக்கா கடற்கரை. கண்ணாடி போல் தண்ணீர், நாலே நாலு பேர், குடை விரிந்திருக்கிறது. "சொன்னேனே!" என்று ஒரு கண்ணடிக்கும் பொம்மை வேறு. இங்கே வெளியே மழை. நான் மகளின் மழைக்கோட்டில் பெயர் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தேன்.