அந்தப் பாட்டில் எடுத்துவிட டிரம்ஸே இல்லை

'பிரிட்டிஷ் ராக் இசைக்குழுவான குவீனின் "வீ வில் ராக் யூ" பாடலில் ஃபிரெடி மெர்குரி எழுதிய டிரம்ஸ் அடியை எடுத்துவிட்டு, கிளிநொச்சி இளைஞர்கள் தவிலை வைத்து ரீமிக்ஸ் செய்திருக்கிறார்கள், தவிலுக்கு அது பொருந்துகிறது' என்று மேலே ஒரு தம்பி எழுதியிருக்கிறார்.

தம்பி, எடுத்துவிட அதில் டிரம்ஸ் எங்கே இருக்கிறது? 1977இல் வெளிவந்த அந்தப் பாடலை எழுதியவர் கிட்டார் கலைஞர் பிரையன் மே. மெர்குரி பாடியவர். இரண்டு மிதி, ஒரு கைதட்டல், பிறகு ஒரு வெற்றிடம்: தாளம் அவ்வளவுதான். சிலர் பலகைமேல் மிதித்ததைத் திரும்பத் திரும்பப் பதிந்து, சற்றே பிந்திய நகல்களையும் அடுக்கித்தான் பெருங்கூட்டத்தின் ஓசையை உண்டாக்கினார்கள்.

ரீமிக்ஸ் என்பதும் பிழை. மூல ஒலிப்பதிவையே எடுத்து மாற்றிக் கலந்தால்தான் அந்தப் பெயர். இவர்கள் முழுவதையும் புதிதாக வாசித்திருக்கிறார்கள். உழைப்பைக் குறைத்துச் சொல்லாதீர்கள்.

தவிலுக்கு அது பொருந்துகிறது என்றீர்கள், அது மட்டும் சரி. மிதி தவிலின் இடப்பக்கமான தொப்பியில், தட்டல் வலப்பக்கமான வலந்தலையில் அப்படியே உட்கார்ந்துவிடுகிறது. மாங்குளத்தில் ஒரு கல்யாண வீட்டில் எங்கள் குழு இதையே பைலா நடையில், அதாவது மும்மூன்றாக எண்ணும் இலங்கை ஆட்டப்பாட்டு நடையில், வாசித்தது. நாலு எண்ணிக்கை மூன்றானதும் அந்த வெற்றிடம் காணாமற்போனது. எல்லோரும் நன்றாக ஆடினார்கள். என்ன பாட்டென்று ஒருவருக்கும் தெரியவில்லை. கிளிநொச்சித் தவில்காரர் சதுஸ்ரத்தை, அதாவது நாலு எண்ணிக்கை நடையை, விடாமல், அந்த நாலாவது இடத்தில் கையைக் கட்டிக்கொண்டு இருந்திருக்கிறார். தவில்காரருக்கு அது எவ்வளவு கடினம் என்பது எங்களுக்குத்தான் தெரியும்.