ஸ்பிரிங் கலரை நம்பாதீங்க
"பழைய நெர்ஃப் துப்பாக்கி (ஃபோம் டார்ட் சுடுற பொம்மை) வாங்குறப்ப உள்ள ஸ்பிரிங் கலர்ல இருந்தா மாத்துனது, சில்வர்னா கம்பெனியோடது"ன்னு ஒரு மெசேஜ் சுத்துது, தப்பு. கலருக்குன்னு பொது விதியே கிடையாது, பெயின்ட் இல்லாத சில்வர்லயும் ஸ்ட்ராங் ஸ்பிரிங் வருது, அதை மாட்டுனா டார்ட் வேகமா பாயும், புள்ளைங்க கண்ணு சம்பந்தப்பட்ட விஷயம்ங்க இது.

கம்பி தடிமனைப் பாருங்க. வெர்னியர் காலிப்பர்ல அளந்தா தெரிஞ்சிடும், மத்ததெல்லாம் ஒண்ணா இருந்து கம்பி மட்டும் 1.2 மி.மீ.ல இருந்து 1.4 ஆனாலே விறைப்பு கிட்டத்தட்ட 1.85 மடங்கு ஏறிடும், ஏன்னா அது தடிமனோட நாலாம் அடுக்குல கூடுது. சுத்து எத்தனை, கழட்டுனா நீளம் எவ்ளோன்னும் ஒரிஜினலோட ஒப்பிடணும். இழுக்க டைட்டா இருக்குன்னு மட்டும் முடிவு பண்ணிடாதீங்க, உள்ள பிளாஸ்டிக் உரசுனாலும் அப்படித்தான் இருக்கும். கழட்ட வழியில்லன்னா குரோனோகிராஃப்ல (வேகம் அளக்குற கருவி) டார்ட் வேகத்தை அளந்து பாத்துட்டு அப்புறமா புள்ளைங்க கைல குடுங்க.