தியானத்துக்கும் மதிப்பெண்ணா?

முதுநிலை பார்மசி படிப்பில் தியானம், ஆய்வு முறை, ஆய்வு நிதிக்கு விண்ணப்பம் எழுதுதல் ஆகிய மூன்றையும் பாடமாக்கலாம் என்கிறது அண்மையில் நான் படித்த ஒரு கட்டுரை. நான் மூன்றாவதைத்தான் முதலில் வைப்பேன். மருத்துவ ஆய்வுகளுக்கு நிதி தரும் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களுக்கு (NIH) அனுப்பும் விண்ணப்பத்தில் ஆய்வின் நோக்கங்களை ஒரே பக்கத்துக்குள் சொல்லி முடிக்க வேண்டும். அதை எழுத உட்காரும்போதுதான், ஆய்வகத்தில் தெளிவாகத் தோன்றிய கேள்வி எவ்வளவு மங்கலானது என்பது உறைக்கிறது. என் முதல் வரைவில் ‘மருந்தின் விளைவை ஆராய்தல்’ என்று எழுதியிருந்தேன். எந்த அளவில், யாரிடம், எதனோடு ஒப்பிட்டு என்று என் ஆய்வு வழிகாட்டி ஓரத்தில் பென்சிலால் கேட்டிருந்த எதற்கும் என்னிடம் விடை இல்லை. தியானத்தைப் பொறுத்தவரை, 1979இல் ஜான் கபாட்-சின் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் தொடங்கிய, மன அழுத்தத்தைக் குறைப்பதற்கான 8 வாரத் தியானப் பயிற்சி போன்றவற்றைத் தாராளமாகக் கற்பிக்கலாம். ஆனால் மதிப்பெண் போடத் தொடங்கினால், அழுத்தத்தைக் குறைக்க வந்த வகுப்பே (இருக்கும் தேர்வுகள் போதாதென்று) இன்னொரு சுமையாகிவிடும்.