'தனிமை' என்று நான் பெயர் வைத்த தாத்தா

சில வருடங்களுக்கு முன்னால் சிங்கப்பூர் தேக்கா சந்தையில் ஒரு தாத்தாவைப் படம் எடுத்தேன். மீன்கடைகள் இருக்கும் பக்கம் ஒரு தூணில் சாய்ந்து நின்றார், கையில் சிவப்பு பிளாஸ்டிக் பை, பார்வை எங்கோ. 200 எம்எம் லென்ஸ், நான் நின்றது வெகு தூரத்தில். வீட்டுக்கு வந்து கறுப்பு வெள்ளையாக்கி, முகச் சுருக்கங்களை நன்றாகத் துலக்கி, 'தனிமை' என்று ஒரே சொல்லைப் போட்டு இங்கேதான் பதிவேற்றினேன். லைக் குவிந்தது. "கண்ணு பேசுது அண்ணே" என்று நாலு பேர். எனக்கும் பேசுவதாகத்தான் பட்டது.

ரெண்டு வாரம் கழித்து பஃபலோ ரோட்டுப் பூக்கடை அக்காவிடம் அந்தப் படத்தைக் காட்டினேன், பெருமைக்குத்தான். அக்கா சிரித்த சிரிப்பில் கையிலிருந்த சரம் நழுவிவிட்டது. "இவருக்கா தனிமை? உள்ளே அவர் சம்சாரம் மீன்காரரோட பேரம் பேசிக்கிட்டிருக்கும். ஒரு வஞ்சிரம் வாங்க முக்கால் மணி நேரம். இவரு கால் வலிக்குதுன்னு திட்டிக்கிட்டே நிப்பாரு."

ஒரு மனுஷனின் கால்வலிக்கு நான் தனிமை என்று பெயர் வைத்திருக்கிறேன்.

படம் கதை சொல்ல வேண்டும் என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள், புதிதாக கேமரா வாங்கும் பிள்ளைகளிடம் நானே சொல்லியிருக்கிறேன். யாருடைய கதை என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. தைப்பூசத்தன்று டேங்க் ரோட்டில் அலகு குத்திய கன்னத்துக்கு ஒரு முழ தூரத்தில் பத்து கேமரா நிற்கும், என்னுடையதும் சேர்த்துத்தான். அந்தக் காவடி எதற்கான நேர்த்திக்கடன் என்று அந்தப் பத்துப் பேரில் ஒருவருக்கும் தெரியாது, பின்னால் பால்குடத்தோடு நடந்து வரும் அவர் அம்மாவுக்குத் தெரியும். நாம் லென்ஸைத் துடைத்துக்கொண்டு அடுத்த காவடிக்கு ஓடுவோம்.

பூக்கடைச் சம்பவத்துக்கு அப்புறம் பெரிய லென்ஸை பெனின்சுலா கடைத்தொகுதிப் பக்கம் ஒரு பழைய கேமராக் கடையில் விற்றுவிட்டு 35 எம்எம் வாங்கினேன். அதில் ஒருவர் முகம் பெரிதாக வர வேண்டுமென்றால் பக்கத்தில் போயே ஆக வேண்டும், பக்கத்தில் போனால் பேசாமல் இருக்க முடியாது. கூச்சம் பிடுங்கும். எடுத்த படத்தை 4ஆர் அளவில் பிரிண்ட் போட்டுக் கொடுப்பது என்றும் வைத்துக்கொண்டேன்.

அப்படித்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை ரேஸ் கோர்ஸ் ரோட்டுப் பக்கம் புதுக்கோட்டைத் தம்பி ஒருவர் பழக்கமானார், கட்டுமான வேலை. நான் மனதுக்குள் படத்தை ஏற்கெனவே எடுத்து முடித்திருந்தேன்: லோரியின் பின்பக்கம், சேறு காய்ந்த பூட்ஸ், விடிகாலை வெளிச்சம். அவர் யோசிக்கவே இல்லை. "அதை ஊர்ல யாருண்ணே பாக்குறது? மரீனா பேல எடுங்க." அடுத்த வாரம் இஸ்திரி போட்ட சட்டை, அறைத்தோழரிடம் இரவல் வாங்கிய கூலிங் கிளாஸ், பின்னால் அந்த ஹோட்டலின் மூன்று கோபுரமும் தெரிய நிமிர்ந்து நின்றார். சுற்றுலா விளம்பரம் மாதிரிப் படம். ஊரில் அவர் அம்மா அதை லேமினேட் செய்து டிவிக்கு மேலே மாட்டியிருக்கிறாராம்.

இதில் எனக்கு இன்னமும் தெளிவில்லை. லோரியும் உண்மைதானே, ஆட்களை அப்படி ஏற்றிக்கொண்டு போவதைப் படம் எடுத்துக் காட்டத்தான் வேண்டும். ஆனால் அதைச் சொல்ல அவர் முகம்தான் வேண்டும் என்றால் அவரைக் கேட்காமல் முடியாது, நான் கேட்டேன், அவர் வேண்டாம் என்றார், சரி.

வீட்டிலும் இதே கதைதான். அப்பா இருந்தது தாங்லின் ஹால்ட்டில், அக்கம்பக்கத்துச் சீனர்கள் 'சாப் லாவ்', அதாவது பத்து மாடி, என்று சொல்லும் அடுக்குமாடி புளோக்கில். பின்னால் மலாயா ரயில் போகும், அந்த வட்டாரத்துக்குப் பெயரே அங்கே ரயில் நின்றதால் வந்தது. 2011 ஜூன் 30 அன்று தஞ்சோங் பகார் நிலையத்தில் கடைசி ரயிலைக் கூட்டத்தோடு கூட்டமாக முண்டியடித்து எடுத்தவன் நான். அப்பா வீட்டு ஜன்னலிலிருந்து அதே ரயிலை ஒருமுறைகூட எடுத்ததில்லை. 2014இல் அங்கே 31 புளோக்குகளை செர்ஸ் திட்டத்தில், அதாவது பழைய வீட்டை அரசு எடுத்துக்கொண்டு மாற்று வீடு தரும் திட்டத்தில், எடுத்துக்கொள்வதாக அறிவித்தார்கள், அப்பாவுக்குப் பக்கத்து டாசனில் புது வீடு.

சாவி ஒப்படைக்கும் வாரம் கேமராவோடு போனேன். காலி அறை, ஜன்னல், அப்பா வெளியே பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். "எதுக்கு மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்கணும்? புது வீட்டுக்குத்தானே போறேன்" என்றார். பிறகு அவரே என்னைக் கீழே கூட்டிப்போய் தபால் பெட்டிகளின் முன்னால் நின்றார். நாகப்பட்டினத்திலிருந்து பாட்டி எழுதிய கடிதமெல்லாம் அந்தப் பெட்டிக்குத்தான் வந்திருக்கிறது, கடைசியாக வந்தது பாட்டி இறந்து ஒன்பது நாள் கழித்து. இத்தனை வருடத்தில் இதை அவர் என்னிடம் சொன்னதே இல்லை. பெட்டியில் கையை வைத்துக்கொண்டு, "ம், எடு" என்றார்.

ட்யூப்லைட் வெளிச்சம், பாதி முகம் இருட்டு, ஓரத்தில் யாரோ ஒருவரின் சைக்கிள். புகைப்பட வட்டத்து நண்பர் ஒருவர் பார்த்துவிட்டு, பின்னணி சரியில்லை, கிராப் பண்ணுங்கள் என்றார்.

அந்தப் படத்தை இதோடு போடலாம் என்று அப்பாவிடம் கேட்டேன். லுங்கியோடு நிற்கிறேன், வேண்டாம் என்றுவிட்டார்.