‘இன்டச்சபிள்ஸ்’ பிடிச்சவங்க அடுத்து எதைப் பார்க்கலாம்?

‘இன்டச்சபிள்ஸ்’ (2011) என்ற பிரெஞ்சுப் படத்தைப் பார்த்து முடித்ததும் எல்லோரும் போவது, ஆப்பில் அதற்குக் கீழே வரும் ‘இதே போன்ற படங்கள்’ வரிசைக்குத்தான். அதை நம்பாதீர்கள். பிரெஞ்சு, காமெடி என்று பொருந்துகிற எதையும் அங்கே நிறுத்திவிடுவார்கள். உங்களுக்கு எது பிடித்தது என்பதை நீங்கள்தான் சொல்லிக்கொள்ள வேண்டும்.

கழுத்துக்குக் கீழே அசைவில்லாத பணக்காரர் பிலிப்பிடம், அவரைப் பார்த்துக்கொள்ள வந்த டிரிஸ் மறந்துபோய் போனை நீட்டுவான். அவன் பரிதாபப்படுவதில்லை, அதனால்தான் அவன் வேண்டும் என்கிறார் பிலிப். படத்தின் உயிர் அங்கேதான். நம்ம ஊரில் இதை விளக்கவே வேண்டாம். 1954 விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த பிறகும் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தே ஆபரேஷன் செய்த டாக்டர் மேரி வர்கீஸ் வேலை பார்த்த வேலூர் இது. 1966-ல் பாகாயத்தில் மறுவாழ்வு மையம் வந்ததே அவரால்தான். நோயாளிக்குத் துணையாக வந்து லாட்ஜில் மாதக்கணக்கில் தங்குகிறவர்களை தினமும் பார்க்கிற நமக்கு, பொய்யான கண்ணீர்க் காட்சி உடனே தெரிந்துவிடும்.

எனவே ஜானரை விட்டுவிட்டு இயக்குநரைப் பிடியுங்கள். ஒலிவியே நகாஷ், எரிக் தொலெதானோ இருவரும் சேர்ந்துதான் படம் எடுப்பார்கள். முதலில் ‘ஓர் நோர்ம்’ (2019) பாருங்கள்; ஆங்கிலத்தில் ‘தி ஸ்பெஷல்ஸ்’. ஆட்டிசம் உள்ள, வேறு எந்த மையமும் சேர்த்துக்கொள்ளாத பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இரண்டு பேரின் கதை. ஜோசப் என்ற இளைஞன் ரயிலில் ஏறினால் அபாய அலாரத்தைத் தொடாமல் இருக்க முடியாது. அவன் எத்தனை ஸ்டேஷன் தாண்டுகிறான் என்று நாமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணுவோம். ஜோசப்பாக நடித்தவரும் ஆட்டிசம் உள்ளவர்தான். என் கணக்கில் ‘இன்டச்சபிள்ஸை’ விட ஒரு படி மேல்.

அடுத்து ‘லெ சான்ஸ் த லா ஃபெத்’ (2017). ஒரே கல்யாண ராத்திரி, கான்ட்ராக்டர் பக்கத்திலிருந்து. காட்பாடியிலிருந்து சென்னை போகும்போது போனில் பார்க்க இது சரிப்படாது. ஒரே நேரத்தில் நாலைந்து பேர் பேசுவார்கள், சின்னத் திரையில் சப்டைட்டில் ஓடிவிடும். ‘சாம்பா’ (2014) கொஞ்சம் கனம், பிறகு பார்க்கலாம்.

‘இன்டச்சபிள்ஸின்’ தமிழ் ரீமேக்கான ‘தோழா’வை (2016) அதே வாரத்தில் பார்க்காதீர்கள். கார்த்தியும் நாகார்ஜுனாவும் நன்றாகவே செய்திருக்கிறார்கள். ஆனால் அடுத்த ஜோக் என்னவென்று முன்பே தெரிந்தால் அவர்களுக்கு நியாயம் கிடைக்காது. ஆறு மாதம் போகட்டும்.

அதற்குப் பிறகு நாடு மாறுங்கள். ஜெர்மனியின் ‘குட் பை, லெனின்!’ (2003): கோமாவில் கிடந்த அம்மா பெர்லின் சுவர் விழுந்தது தெரியாமல் கண் விழிக்கிறாள். அதிர்ச்சி ஆகாது என்று டாக்டர் சொல்ல, மகன் பழைய கிழக்கு ஜெர்மனியை ஒரு அறைக்குள் திரும்ப உண்டாக்குகிறான். புது ஊறுகாயைப் பழைய லேபிள் பாட்டிலில் மாற்றி வைப்பது வரைக்கும். ஸ்வீடனின் ‘எ மேன் கால்டு ஓவ்’ (2015) அருமையான படம், ஆனால் தற்கொலை முயற்சிக் காட்சிகள் திரும்பத் திரும்ப வரும். சமீபத்தில் யாரையாவது இழந்தவர்களோடு உட்கார்ந்து போடாதீர்கள்.

தேடும்போது படத்தின் பெயரோடு ஆண்டையும் சேர்த்துப் போடுங்கள். இல்லையென்றால் ‘இன்டச்சபிள்ஸுக்கு’ 1987-ல் வந்த சிகாகோ கேங்ஸ்டர் படம் வந்து நிற்கும். ஆங்கில டப்பிங் வேண்டாம், அசல் குரலும் சப்டைட்டிலும் போதும்.

டிவிடி வைத்திருப்பவர்கள் தனியாக சப்டைட்டில் ஃபைல் சேர்த்தால் ஒன்று கவனிக்க வேண்டும். தொடக்கத்திலிருந்தே ஒரே அளவு முன்பின்னாக இருந்தால், விஎல்சி பிளேயரில் ‘ஜி’, ‘ஹெச்’ பட்டன்களைத் தட்டிச் சரிசெய்யலாம். முதலில் சரியாக இருந்து போகப் போக விலகினால் அது வேறு கோளாறு. ஐரோப்பிய டிவிடி வினாடிக்கு 25 ஃபிரேமில் ஓடும், மற்ற பிரதிகள் பெரும்பாலும் 23.976. ஒன்றின் சப்டைட்டிலை மற்றதில் போட்டால் ஒரு மணி நேரத்தில் இரண்டரை நிமிடம் தள்ளிப்போகும். 112 நிமிடப் படம் உங்களிடம் 107 நிமிடம்தான் ஓடுகிறது என்றால் அது 25 ஃபிரேம் பிரதி, அதற்கென்று உள்ள சப்டைட்டிலையே எடுங்கள். நடிகர் வாய் திறக்கும் முன்பே ஜோக்கைப் படித்துவிட்டால் சிரிப்பு வராது, படம் மொக்கை என்று பாதியில் நிறுத்திவிடுவீர்கள்.